அடுப்படியில் உட்கார்ந்து கேட்ட அரை மணி நேரம்

பாதம் எரிகிறது என்று டாக்டரிடம் போனேன். பி-காம்ப்ளெக்ஸ் எழுதிக் கொடுத்தார். நேற்று மாலை அரியலூர்க் கடைத்தெருவில் வாங்கி வந்து, அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கியதும் அந்த வாடை வந்தது. புளித்த மாவும் ஈர வைக்கோலும் கலந்தது போன்ற வாடை. இருபத்தாறு வருடம் நீ வேலை முடிந்து வரும்போது உன் சேலையோடு வீட்டுக்குள் வந்த வாடை. ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருந்து அறையில் நாள் முழுவதும் நின்று, ஜன்னல் வழியாக நீளும் கைகளில் மாத்திரை எண்ணி வைத்துவிட்டு வருவாய். "மொதல்ல குளிச்சிட்டு வா" என்பேன். அதற்குமேல் அன்றைக்கு உன்னிடம் சொல்ல எனக்கு ஒன்றும் இருக்காது.

மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நீ போய் ஏழு மாதம் ஆகிறது. உனக்கு எழுத வேண்டும் என்று ஏழு மாதமாகத் தோன்றிக்கொண்டுதான் இருக்கிறது. எழுதினால் அந்தச் சனிக்கிழமையைப் பற்றித்தான் எழுத வேண்டும். அந்தச் சனிக்கிழமை என்ன நடந்தது என்று நம் மகளிடம் நான் என் வாயால் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொல்லாமல் உனக்குக் கடிதம் எழுதுவது இன்னொரு ஏமாற்று வேலை என்று பட்டது. அதனால்தான் இத்தனை நாள்.

நான் பகையை விடாதவன். இதை நீ ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை. மற்ற எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். பெரம்பலூர்க் கல்லூரியில் இருபத்திரண்டு வருடம் கணிதம் நடத்தியும், துறைத் தலைவர் நாற்காலியை எனக்குப் பின்னால் சேர்ந்தவனுக்குக் கொடுத்தார்கள். அவனுக்கு இன்று வரை நான் வணக்கம் சொன்னதில்லை. உன் தம்பி ஜெயங்கொண்டத்தில் வீடு கட்டிக் குடிபோனபோது, அழைப்பிதழில் உன் தங்கை வீட்டுக்காரர் பெயரை மேலே போட்டு என் பெயரைக் கீழே போட்டான். மூத்த மாப்பிள்ளை நான். அவர் பெயருக்குப் பின்னால் டிப்ளமோவைக்கூட விடாமல் போட்டிருந்தான். என் பெயருக்குப் பின்னால் ஒன்றுமில்லை. நான் அந்த விழாவுக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு ஏழு வருடம் அந்த வாசலை மிதிக்கவில்லை.

"பத்திரிகை அடிச்சவன் பண்ண தப்புங்க. தம்பி போன்ல அழுவறான்" என்றாய்.

"ப்ரூஃப் பாத்தது யாரு?" என்றேன்.

உன்னிடம் பதில் இல்லை. எதிராளிக்குப் பதில் இல்லாத கேள்வியைக் கேட்டுவிட்டால் ஜெயித்துவிட்டதாக நினைக்கிற ஆள் நான். அதன் பிறகு உன் அம்மாவைப் பார்க்க நீ தனியாகத்தான் போனாய். காலை பஸ்ஸில் போய், மத்தியானம் ஒரு வாய் சாப்பிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடுவாய்.

உன்னை ஒருநாளும் கை நீட்டி அடித்ததில்லை என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. எனக்குக் கை தேவைப்படவில்லை. பேசாமல் இருப்பேன். நாலு நாள், பத்து நாள், ஒருமுறை பத்தொன்பது நாள். மகள் வீட்டில் இருந்தவரை "உங்கம்மாட்ட சொல்லு" என்று அவள் வழியாகக் காரியம் நடந்தது. அவள் வேலைக்குச் சென்னை போன பிறகு துண்டுச் சீட்டு. "கேஸ் தீர்ந்துவிட்டது" என்று எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுவேன். அதற்குக் கீழே "சரிங்க" என்று எழுதி வைப்பாய். சீட்டில்கூட மரியாதையை விடாதவள் நீ. அந்த 'ங்க' எனக்கு அப்போது எரிச்சலாக இருந்தது. என்னைக் குத்திக்காட்டத்தான் எழுதுகிறாய் என்று நினைத்தேன்.

ஒரு நாள் மருந்து அறையில் உன் கவனம் தவறி, சர்க்கரை மாத்திரை வாங்க வந்தவருக்குப் பிரஷர் மாத்திரையை எடுத்துவிட்டாய். கொடுப்பதற்குள் நீயே பார்த்து மாற்றிவிட்டாய். ஆனாலும் அந்தப் பயம் உன்னை விடவில்லை. மகளிடம் போனில் அழுதிருக்கிறாய். என்னிடம் சொல்லவில்லை. அது நாம் பேசாமல் இருந்த பதினோராவது நாள்.

அவள்தான் இந்த ஆன்லைன் கவுன்சிலிங்கைக் கண்டுபிடித்தாள்.

"அப்பா, ஒரு மேடம் இருக்காங்க. சைக்காலஜிஸ்ட். லைசென்ஸ் எல்லாம் இருக்கு. தமிழ்லயே பேசுவாங்க. நீங்க எங்கயும் போக வேணாம், வீட்லயே லேப்டாப்ப வச்சிட்டு உக்காந்தா போதும்."

"எங்களுக்கு என்ன பைத்தியமா புடிச்சிருக்கு?"

"புடிச்சாதான் ஆஸ்பத்திரிப்பா. இது புடிக்காம இருக்கறதுக்கு."

அந்த அம்மாளின் பதிவு எண்ணை வாங்கி இணையத்தில் தேடிப் பார்த்தேன். சரியாக இருந்தது. அதுவே எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

முதல் நாள் இருவருமாக உட்கார்ந்தோம், நினைவிருக்கிறதா? நான் முழுக்கைச் சட்டை போட்டு, ஒரு ஃபைலோடு வந்தேன். பதினாலு பாயிண்ட் எழுதி வைத்திருந்தேன். மூன்றாவது பாயிண்டுக்கு ஆதாரமாக அந்த அழைப்பிதழ். ஏழு வருடம் பத்திரப்படுத்தி வைத்திருந்ததைக் கேமராவுக்கு நேராக நீட்டினேன்.

"சார், கொஞ்சம் தள்ளிப் புடிங்க, மங்கலா தெரியுது" என்றார் மேடம். தள்ளிப் பிடித்தேன். பொறுமையாகப் படித்துவிட்டு, "இது கோர்ட் இல்லீங்க சார். ஃபைல மூடி வச்சிட்டு, உங்களுக்கு அன்னிக்கு எப்படி இருந்துச்சுன்னு மட்டும் சொல்றீங்களா?" என்றார்.

நீ சிரித்துவிட்டாய். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்க. எனக்கும் சிரிப்பு வந்தது. வந்ததை அடக்கிக்கொண்டு, "உக்காருன்னு சொல்லிட்டு என்னைக் கிண்டல் பண்றீங்களா?" என்றேன். அன்றைக்கு உன்னோடு சேர்ந்து சிரித்திருந்தால் போதும். என் வாழ்க்கையில் நான் அடக்கிய கோபங்களை எண்ணிச் சொல்ல முடியாது, ஒன்றும் இல்லாததால். அந்தச் சிரிப்பை மட்டும் அடக்கிவிட்டேன்.

பிறகு தனித்தனியாகப் பேச வேண்டும் என்றார். எனக்குப் புதன், உனக்குச் சனிக்கிழமை மாலை நாலு மணி. சம்மதப் படிவம் ஒன்று மெயிலில் வந்தது. பேசும்போது அறையில் வேறு யாரும் இருக்கக்கூடாது, காதில் விழும் தூரத்திலும் யாரும் இருக்கக்கூடாது, பேசுவதைப் பதிவு செய்யக்கூடாது. படிவங்களை வரி விடாமல் படிக்கிறவன் நான். படித்துத்தான் கையெழுத்துப் போட்டேன். என் முறை வந்தபோதெல்லாம் மேடம் முதலில் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "தனியாத்தான இருக்கீங்க சார்? பக்கத்துல யாரும் இல்லியே?" உன்னிடமும் அதைக் கேட்டுத்தான் ஆரம்பித்திருப்பார். நீயும் நம்பித்தான் ஆமாம் என்றிருப்பாய்.

மூன்று வாரம் போயிற்று. சனிக்கிழமைகளில் நீ அறையைவிட்டு வெளியே வரும்போது முகம் கழுவினது போல் இருக்கும். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என்னைப் பற்றி என்ன சொல்கிறாய்? நான் இல்லாத இடத்தில் என்ன தீர்ப்பு ஆகிறது?

நம் பக்கத்தில் புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் இரண்டு வீட்டாரும் வந்து, பாய் விரித்து உட்கார்ந்து பேசுவார்கள். பெண்ணுக்காக அவள் அண்ணனோ தம்பியோ பேசுவான். மாப்பிள்ளைக்காக அவன் அக்காவோ சித்தப்பாவோ பேசுவார்கள். சம்பந்தப்பட்ட இரண்டு பேரும் பெரும்பாலும் வாயே திறக்கமாட்டார்கள். ஒரு பக்கத்து ஆள் இல்லாதபோது மறு பக்கம் பேசினால் அதற்குப் பெயர் கோள் சொல்வது. சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தது இது. எம்.ஃபில். வரை படித்தும் அந்தப் பாயை விட்டு நான் எழுந்திருக்கவில்லை. கவுன்சிலிங்கும் ஒரு பஞ்சாயத்து, அதில் என் பக்கம் ஆள் இல்லை என்றுதான் என் புத்திக்குப் பட்டது.

எறையூரில் இருக்கும் அக்காவுக்குப் போன் செய்தேன். சர்க்கரை ஆலையில் வேலை பார்த்த அத்தான் போன பிறகு அவளுக்கும் பேச்சுத் துணை குறைவு. முழுவதையும் கேட்டுவிட்டு, "என்னடா தம்பி இது அநியாயமா இருக்கு? வூட்டு விசயத்த ஊரு பேரு தெரியாதவகிட்ட பொட்டியத் தொறந்து வச்சிட்டுச் சொல்றாளாம். நம்ம பக்கம் ஒரு ஆளு வேண்டாமா?" என்றாள்.

"சனிக்கிழம வாக்கா" என்றேன்.

வந்தாள். நீ காப்பி போட்டுக் கொடுத்தாய். "வாங்கண்ணி, பஸ்ஸுல கூட்டமா? நீங்க தம்பிகிட்ட பேசிட்டிருங்க. எனக்கு ஒரு மணி நேரம் மீட்டிங் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டாய். அந்த அறையில்தான் சிக்னல் நன்றாக இருக்கும் என்று முதல் வாரமே சொன்னவன் நான். சிக்னல் எல்லா அறையிலும் ஒரே மாதிரிதான் இருந்தது. ஆனால் அந்த அறைக்கும் அடுப்படிக்கும் நடுச் சுவரில், மேலே, காற்றுக்காக ஓட்டை ஓட்டையாகச் சிமெண்ட் ஜன்னல் வைத்திருக்கிறது. கூடத்தில் டிவியைச் சத்தமாக வைத்தேன். நாங்கள் இருவரும் டிவி பார்க்கிறோம் என்று நீ நினைக்க வேண்டும். பிறகு அக்காவும் நானும் அடுப்படிக்குள் போய், ஆளுக்கொரு ஸ்டூலில் உட்கார்ந்தோம். குக்கரில் விசில் வரக்கூடாது என்று அடுப்பைக்கூட நான்தான் அணைத்தேன்.

நீ இயர்போன் போட்டிருந்தாய். மேடம் கேட்டது எதுவும் எங்களுக்குக் கேட்கவில்லை. உன் பதில்கள் மட்டும் வந்தன.

"கேட்டத் தொறக்கற சத்தத்துலயே தெரிஞ்சிடும் மேடம், இன்னிக்கு எப்படி வர்றாருன்னு."

மேடம் ஏதோ கேட்டிருக்க வேண்டும்.

"ட்யூட்டி முடிஞ்சா நேரா வூட்டுக்கு வர மாட்டேன் மேடம். பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருப்பேன். ரெண்டு பஸ்ஸ போவ விட்டுட்டு மூணாவதுல ஏறுவேன். சும்மாத்தான் உக்காந்திருப்பேன். லாரி போறதப் பாத்துட்டு."

சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு வரிசையாகப் போகும் அந்த லாரிகளைப் பார்க்கவா நீ தாமதமாக வந்தாய்? ஸ்டாக் எடுக்கும் வேலை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அக்கா என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

அப்புறம் நீ சொன்னது: "ரெண்டாவது புள்ள நாலாம் மாசத்துல தங்காமப் போனப்ப, அண்ணிதான் பாக்க வந்தாங்க. கண்ட மருந்தையும் தொடற கை, அதான் வயித்துல நிக்கலன்னாங்க. எனக்கு அவங்க சொன்னதுகூடப் பெருசில்ல மேடம். அவரு பக்கத்துல பேப்பர் படிச்சிட்டிருந்தாரு. தலையத் தூக்கல."

அக்கா ஸ்டூலிலிருந்து எழுந்தாள். நான் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். உனக்காக அல்ல. இன்னும் கேட்க வேண்டும் என்பதற்காக.

மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. பிறகு, "இல்ல மேடம், வுட்டுட்டுப் போவணும்னு எல்லாம் இல்ல. நல்ல மனுசன்தான். படிச்சவரு. அவரா வந்து என்னாச்சுன்னு ஒரு தடவ கேட்டா போதும். நான் எல்லாத்தையும் சொல்லிடுவேன்."

இதை நான் கேட்டேன். தெளிவாக, ஒரு எழுத்து விடாமல் கேட்டேன். இதற்குப் பிறகு அக்கா எழுந்தபோது நான் அவளைப் பிடிக்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். லேப்டாப் திறந்திருந்தது, மேடத்தின் முகம் அதில் இருந்தது.

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்? எப்ப சொன்னேன்? எவளோ ஒருத்திகிட்ட என் மானத்த வாங்கறியே, நீ நல்லாருப்பியா?"

நீ அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தாய். திரையில் மேடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். எங்களுக்குச் சத்தம் கேட்கவில்லை. நீ ஒரு காது இயர்போனைக் கழற்றினாய், மறு காதில் இருந்ததையும் கழற்றினாய், லேப்டாப்பை மெதுவாக மூடினாய்.

"சிக்னலுக்காகத்தான இந்த ரூமுன்னு சொன்னீங்க?"

"நம்ம பக்கமும் ஒரு ஆளு இருக்கணும்ல" என்றேன்.

"அப்ப நான் எந்தப் பக்கங்க?"

அன்றைக்குப் பதில் இல்லாமல் நின்றவன் நான்.

அடுத்த சனிக்கிழமை நீ லேப்டாப்பைத் திறக்கவில்லை. "போதும்னு மேடத்துக்கிட்ட சொல்லிட்டேன்" என்றாய். மகளுக்கும் அதைத்தான் சொல்லியிருப்பாய் என்று நினைத்தேன். நிம்மதியாகக்கூட இருந்தது.

அதற்குப் பிறகு எட்டு மாதம் நீ இருந்தாய். எட்டு மாதமும் உனக்கு என்ன போதும் என்று எனக்குத் தெரியும். திருட்டுத்தனமாகத் தெரிந்துகொண்டதுதான், ஆனால் தெரியும். ஒரு தடவை, என்னாச்சு என்று. நான் கேட்கவில்லை. ஏன் என்று எனக்கு நானே பல காரணம் சொல்லிப் பார்த்துவிட்டேன். கேட்டால் ஒட்டுக்கேட்டதை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று நினைத்தேன், அது உனக்குத் தெரிந்திருந்தும். உண்மையான காரணம் வேறு. அந்நியப் பெண் ஒருத்தி முன்னால் என் அக்காவை நீ தலைகுனிய வைத்தாய், அதற்கு நீதான் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன். பதினைந்தாவது பாயிண்டாக அதை அந்த ஃபைலில் எழுதியும் வைத்தேன்.

நெஞ்சை நீ நீவிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை இரண்டு மூன்று தடவை பார்த்தேன். சாயங்காலம், அடுப்படியில், ஒரு கையை மேடையில் ஊன்றிக்கொண்டு. கேஸ் மாத்திரை ஒன்றைச் சப்பிக்கொண்டிருப்பாய். என்னைப் பேச வைப்பதற்கு நடிக்கிறாய் என்று நினைத்தேன். இதை எழுதும்போது என் கை கூசுகிறது. ஆனால் அப்படித்தான் நினைத்தேன். தண்ணீர் குடித்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

நீ மருந்து அறையில் விழுந்த அன்றைக்குத் திருச்சிக்குக் கொண்டுபோனோம். இதய நோய் மருத்துவர் என்னைப் பார்த்து, "எத்தன நாளா வலி இருந்துச்சு?" என்று கேட்டார். "இன்னிக்குக் காலையிலேருந்து" என்றேன். கூட வந்திருந்த, உன்னோடு வேலை பார்த்த நர்ஸம்மா தலையைக் குனிந்துகொண்டே, "இல்ல டாக்டர். மூணு மாசமா சொல்லிட்டுத்தான் இருந்தாங்க. ஈசிஜி எடுத்துக்கோங்கன்னா, கேஸுதான்னு சொல்லிடுவாங்க" என்றார். டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அந்தம்மா சொன்னதை எழுதிக்கொண்டார். மறுநாள் மத்தியானம் நீ போய்விட்டாய்.

பதினாறாம் நாள் காரியத்தில் கூடம் நிறைய ஆட்கள். யாரோ பேச்செடுத்தார்கள், "கம்ப்யூட்டர்ல யாரோ டாக்டரம்மாகிட்ட பேசிட்டிருந்தாளாமே?" என்று. அக்கா வழியாக வெளியே போன சேதிதான். "மனசுல கெடக்கறதெல்லாம் கிளறி வுட்டா நெஞ்சு தாங்குமா?" என்றார் இன்னொருவர். அப்போது நம் மகள் எல்லோரும் கேட்கும்படி சொன்னாள்:

"நான்தான் சேத்து வுட்டேன். நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. திடீர்னு நிறுத்திட்டாங்க. நான் ரொம்பத் தள்ளினேனோ என்னமோ. என் தப்புதான்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அக்கா பக்கத்தில்தான் இருந்தாள். அவள் தரையைப் பார்த்தாள். உன் தம்பியும் எதிரில் இருந்தான். இத்தனை பேர் முன்னால், அதுவும் அவன் முன்னால், நான் என்னவென்று சொல்வது? கை கழுவுவது போல எழுந்து கொல்லைப்பக்கம் போனேன். குழாயடியில் நின்று, திரும்பிப் போக வழியில்லாதவன் மாதிரி வெகுநேரம் கை கழுவினேன். என் குற்றத்தைப் பெற்ற பெண்ணின் தலையில் சுமக்க வைத்துவிட்டு நின்றேன்.

ஒரு மாதம் கழித்து மேடத்துக்கு மெயில் எழுதினேன். கடைசியாக அவரிடம் நீ என்ன சொன்னாய் என்று தெரிய வேண்டும் என்று கேட்டேன். மறுநாளே பதில் வந்தது. உன் மறைவுக்கு வருத்தம் தெரிவித்திருந்தார். "அவங்க பேசினது அவங்களுக்குச் சொந்தம் சார். அவங்க இல்லைங்கறதால அது மாறிடாது" என்று எழுதியிருந்தார். நான் பேச விரும்பினால் வேறொருவரைப் பரிந்துரைப்பதாகவும் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு பக்கம் பதில் தட்டினேன். செத்துப்போன என் மனைவியின் பேச்சை என்னிடமிருந்து மறைக்க நீங்கள் யார் என்று. அனுப்புவதற்கு முன்னால் ஒருமுறை படித்தேன். அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு இருந்த தகுதி அந்த ஸ்டூல்தான். அழித்துவிட்டு, வேறொருவரின் பெயரைக் கேட்டேன்.

இப்போது என்னோடு பேசுகிறவர் திருச்சிக்காரர், என்னைவிட மூத்தவர். புதன்கிழமை மாலை, நீ உட்கார்ந்த அதே அறையில் உட்கார்கிறேன். வீட்டில் யாரும் இல்லை. ஆனாலும் அடுப்படியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்துகிறேன். நாலு வாரம் அவரிடம் துறைத் தலைவரைப் பற்றியும் அழைப்பிதழைப் பற்றியும் பேசினேன். ஐந்தாவது வாரம் அந்தச் சனிக்கிழமையைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் அவர்மீதும் ஒரு பகையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்திருப்பேன். அவர் தன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "என்கிட்ட சொல்லிட்டீங்க, சரி. இத யார்கிட்ட சொல்லணும்னு உங்களுக்கே தெரியும்ல சார்?" என்றார்.

தெரியும்.

போன மாதம் மகள் இரண்டு நாள் லீவில் வந்தாள். உன் சேலைகளை மடித்து வைத்தாள். ஃப்ரிட்ஜைத் துடைத்தாள். கதவில் ஒட்டியிருந்த பழைய சீட்டு ஒன்றைப் படித்துவிட்டு மறுபடி ஒட்டினாள். இரண்டு நாளும் சொல்ல வாயெடுத்து, சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். கடைசியில் அரியலூர் ஸ்டேஷனில், சென்னை ரயிலுக்கு இருபது நிமிடம் இருக்கும்போது, பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து ஆரம்பித்தேன். அவளுக்குக் கோபம் வந்தால் ரயில் வந்து கூட்டிக்கொண்டு போய்விடும் என்ற கணக்கும் அதில் இருந்தது. அதையும் உன்னிடம் மறைக்கப்போவதில்லை.

நடுவில் ஒரு கூட்ஸ் வண்டி வந்தது. அது முழுவதும் கடந்து போகும் வரை வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதாயிற்று. அவள் என் பக்கம் திரும்பாமல் காத்திருந்தாள். சத்தம் அடங்கியதும் மீதியைச் சொன்னேன். டிவியைச் சத்தமாக வைத்தது, அடுப்பை அணைத்தது, அத்தை உள்ளே போனது, நீ கேட்டது எல்லாவற்றையும்.

"உன் மேல ஒரு தப்பும் இல்லம்மா. நிறுத்தினதுக்குக் காரணம் நான்தான்."

"தெரியும்பா" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"அம்மா அன்னிக்குச் சாயங்காலமே போன் பண்ணிச் சொல்லிட்டாங்க."

"அப்ப காரியத்தன்னிக்கு, எல்லார் முன்னாடியும் ஏன் அப்படிச் சொன்ன?"

"'இல்லம்மா, நீ காரணமில்ல'ன்னு எந்திரிச்சுச் சொல்வீங்கன்னு பாத்தேன். நீங்க கை கழுவப் போயிட்டீங்க."

அறிவிப்புக் குரல் அவள் ரயிலின் பெயரைச் சொல்ல ஆரம்பித்தது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"அம்மா உங்ககிட்ட இதப் பத்திக் கேக்கக்கூடாதுன்னு சொல்லியிருந்தாங்கப்பா. அவரே சொல்வாரு, நீ கேட்டு வாங்காதன்னாங்க. நான் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் போன் பண்றப்ப, சொல்லிட்டாராம்மான்னு கேப்பேன். இன்னும் இல்லடின்னு சிரிப்பாங்க."

ரயில் வந்தது. பையை வாங்கி ஏற்றிவிடக் கையை நீட்டினேன். "வேணாம்பா, நான் வச்சுக்கறேன்" என்றாள். படியில் ஏறி நின்று, "அத்தை மேல கோவிச்சுக்கிட்டுப் பேசாம இருக்காதீங்க. யார்கிட்டயும் பேசாம இருக்காதீங்க" என்றாள். சரி என்று தலையாட்டினேன். அவள் மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. வாராவாரம் போன் செய்கிறாள். சாப்பிட்டீங்களா என்கிறாள். அந்தப் பேச்சு மறுபடி வரவில்லை. போன வாரம் எறையூருக்குப் போய் அக்காவைப் பார்த்தேன். மகளிடம் சொல்லிவிட்டேன் என்றேன். அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனவள், வெகுநேரம் வெளியே வரவில்லை. நான் காத்திருந்து சொல்லிக்கொண்டுதான் வந்தேன்.

உன்னிடம் சொல்ல வேண்டியதை மகளிடம் சொன்னேன். இரண்டும் ஒன்றல்ல.

ஞாயிற்றுக்கிழமைகளில் நீ வாசல் பக்கம் நின்று போனில் பேசும்போது நான் கூடத்தில் பேப்பரோடு உட்கார்ந்திருப்பேன். நீ சிரிக்கும் சத்தம் வரும். சின்னச் சிரிப்பு, மூச்சு விடுகிற மாதிரி. அம்மாவும் மகளும் என்னைத்தான் கேலி பேசுகிறார்கள் என்று முகத்தை இறுக்கிக்கொண்டு பக்கத்தைத் திருப்புவேன். அந்த எட்டு மாதத்து ஞாயிற்றுக்கிழமைகள்தான் இப்போது என்னிடம் இருக்கின்றன. நீ வாசலில் நின்று "இன்னும் இல்லடி" என்கிறாய். பத்தடி தூரத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். போனை வைத்துவிட்டு உள்ளே வந்து, நான் தலையைத் தூக்குகிறேனா என்று ஒரு நிமிடம் நிற்கிறாய். பிறகு அடுப்படிக்குப் போகிறாய்.